சட்டி இருக்கிற பக்கம்

“அப்போ, கடைசியில அதைத் தின்னுட்டாங்கன்னா சொல்லிக் குடுத்தே?”

“பின்னே? அடுப்புல சட்டி கொதிக்குது. பையன் மேசையில உக்காந்திருக்கான். வேற என்னத்தைச் சொல்றது?”

“வளர்த்தாங்கன்னு சொல்லணுமாம்.”

“எதை?”

“பறவையைத்தான்.”

“எதுக்கு?”

எல்ஸ்பா மயிர் பிடுங்கிக்கொண்டிருந்த பறவையை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்த வாயில் ஒரு தூவி ஒட்டிக்கொண்டது. துப்பினாள். ரன்வா சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. மகள் கொண்டுவந்த படப்புத்தகத்தில், கடலில் விழுந்த குஞ்சை ஒருவன் வலையில் அள்ளுகிறான், பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அடுத்த பக்கத்தில் சட்டி கொதிக்கிறது, அதற்கடுத்த பக்கத்தில் பெட்டி காலியாக இருக்கிறது. இதில் வளர்ப்பதற்கு எங்கே இடம்?

படகுக் கொட்டகையின் கதவு கடல் பக்கமாகத் திறந்திருந்தது. பனிமூட்டம் மலையில் பாதிவரை இறங்கி, அதற்குமேல் இறங்க மனமில்லாமல் நின்றது. ஆகஸ்ட் கடைசி. ஃபரோ தீவுகளின் செங்குத்துப் பாறைகளில் பொரித்த கடற்பறவைக் குஞ்சுகள் தின்று தின்று கொழுத்து, கூட்டிலிருந்து குதித்தால் பறக்க முடியாமல் நேரே கடலில் வந்து உட்காரும் காலம். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி மாதிரி தண்ணீர்மேல் உப்பிக்கொண்டு மிதக்கும். நீளக் கழி கட்டிய வலையோடு ஆண்கள் படகில் போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். ரன்வாவின் புருஷன் ஹைனி காலையில் படகு நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, மறுபடியும் போயிருந்தான். படகில்லாத வீடுகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் கொட்டகைத் தரையில் சாம்பல் குவியலாகக் கிடந்தது.

மயிர் பிடுங்குவது பெண்கள் வேலை என்று யாரும் சொல்லவில்லை, பெண்கள்தான் செய்தார்கள். பறவையை முழங்காலுக்கிடையில் இடுக்கி, முதலில் நெஞ்சு, பிறகு முதுகு, கடைசியாகக் கழுத்து. தோல் கிழியக் கூடாது. பயந்தால் வயிற்றிலிருந்து எண்ணெயைத் துப்புகிற சாதி இது. அந்த எண்ணெய் துணியில் பட்டால் அந்தத் துணி அன்றோடு கொட்டகைத் துணி. ரன்வாவின் பழுப்புக் கம்பளிச் சட்டை அப்படிக் கொட்டகைக்கு வந்ததுதான். எத்தனை துவைத்தும் பயனில்லை. மழை பெய்தால் இன்னும் நாறும்.

“ஒழுங்காச் சொல்லு எல்ஸ்பாக்கா. திங்கக்கிழமை என்னதான் நடந்துச்சு?”

எல்ஸ்பா ஹைனிக்கு அக்கா. ஊர் மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவதும் மழைக்கோட்டு மாட்டிவிடுவதும் அவள் வேலை. ஊரில் எந்த வீட்டில் என்ன கதை நடக்கிறது என்பது அவளுக்குப் பிள்ளைகள் வாயிலிருந்தே வந்துவிடும்.

“வட்டமா உக்காந்திருந்தாங்க எல்லாரும். உன் மக சில்யா புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சா பாரு! அடேயப்பா, பாதிரி தோத்தார். குஞ்சு விழுந்துச்சு, அப்பா அள்ளினாங்க, இப்படிக் கழுத்தைத் திருகினாங்கன்னு கையால செஞ்சே காட்டினா.”

“கையாலயா?”

“ரெண்டு கையாலயும். பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. எங்க வீட்டுல ரெண்டு படகு வந்துச்சுன்னு ஒருத்தன். எங்கம்மா கறிக்குத் தொட்டுக்க ருபார்ப் ஜாம் வைப்பாங்கன்னு ஒருத்தி. எமில் மட்டும்தான் மேசைக்கடியில போய் உக்காந்துக்கிட்டு ஓன்னு அழுதான்.”

எமில் வீட்டார் கோபன்ஹேகனிலிருந்து கோடையில்தான் வந்திருந்தார்கள். அவன் அம்மா கட்ரின் இந்தத் தீவில் பிறந்தவள்தான். ஆனால் பால் பல் விழுவதற்கு முன்பே போய்விட்டவள்.

“அப்புறம் கட்ரின் வந்தா, டீச்சர் பிரிட்டாகிட்ட என்னவோ பேசினா. பிரிட்டா சில்யாவைக் கூப்பிட்டு, ‘அப்படி இல்ல கண்ணு, இது தப்பு, அந்தப் பையன் பறவையை வளர்த்துப் பறக்க விடறான், சரியாப் பாரு’ன்னா.”

“அவ என்ன சொன்னா?”

“புத்தகத்தை மூடிட்டா.”

ரன்வா பிடுங்குவதை நிறுத்தினாள்.

“இன்னும் கேளு. பிரிட்டா ஒவ்வொரு பக்கத்துலயும் சீட்டு ஒட்டப்போறா. கதையை எழுதி. இனிமே எந்த வீட்டுலயும் மாத்திச் சொல்லிடக் கூடாதாம். உன்னையும் ஒரு நடை வரச் சொன்னா.”

“எழுத்தே இல்லாத புத்தகத்துலயா?”

“எழுத்தில்லாததாலதான் இந்த வம்புங்கறா.”

எல்ஸ்பா அடுத்த பறவையை எடுத்தாள். “சாமி சத்தியமா, எனக்கும் அந்தச் சட்டியைப் பார்த்தா எச்சில்தான் ஊறுச்சு. வெளிய சொல்லிடாதே.”

அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிள்ளையிடம் துணிப்பையில் ஒரு படப்புத்தகம் கொடுத்தனுப்புவார்கள். உள்ளே ஓர் எழுத்து இருக்காது. அந்தந்த வீட்டில் அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொள்ள வேண்டும். திங்களன்று பிள்ளை அதை மற்றவர்களுக்குச் சொல்லும். சில்யாவின் முறை வருவதற்குள் அவள் பொறுமை செத்துவிட்டது. பை கையில் கிடைத்த வெள்ளியன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை பெஞ்சில் ஏறிக்கொண்டாள்.

ரன்வா சால்மன் ஆலையில் காலை முழுதும் மீன் அடுக்கி, விரல் விறைத்து வந்திருந்தாள். மகளை மடியில் இருத்தி, அவள் கதகதப்பில் கையைச் சூடாக்கிக்கொண்டே பக்கம் திருப்பினாள். அவள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. “ம்” என்பதும், “அதோ அது என்ன?” என்பதும்தான் அவள் பங்கு. மிச்சமெல்லாம் சில்யா. குஞ்சு தண்ணீரில் கிடக்கிற பக்கத்தில், “இது பறக்காது, ரொம்பக் கொழுப்பு” என்றாள். படகில் பையனோடு இருந்த ஆளைக் கண்டதும், “அப்பா!” என்றாள். தாடி நிறம்கூட ஹைனி தாடி நிறம்தான். பெட்டிக்குள் பறவை உட்கார்ந்திருந்த பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சட்டி கொதிக்கிற பக்கம் வந்ததும் தாயும் மகளும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றார்கள்.

கை கழுவிக்கொண்டிருந்த ஹைனி திரும்பாமலே கேட்டான்: “ஈரல் யாருக்கு?”

“அந்தப் பையனுக்கு.”

“அப்போ எனக்கு?”

“நீங்க எலும்பைக் கடிங்க.”

இப்படியாகத்தான் அந்தக் கதை அந்த வீட்டில் உண்டானது. படத்துக்குள் இன்னொரு கதை உட்கார்ந்திருக்கக்கூடும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காக்கையைப் பார்த்து இது வெள்ளையாகவும் இருக்கலாமோ என்று யார் யோசிப்பார்கள்?

கொட்டகையிலிருந்து வந்து குளித்துவிட்டு, ரன்வா அன்று மாலை நூலக வண்டியில் எடுத்து வைத்திருந்த வேறொரு புத்தகத்தைப் பிரித்தாள். அதிலும் எழுத்தில்லை. காற்றில் பறந்துபோகிற ஒரு குடையும் அதைத் துரத்துகிற ஒரு கிழவனும். சில்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஏறவில்லை.

“எங்கே, சொல்லு பார்ப்போம்.”

“நீ சொல்லும்மா.”

“நீதானே எப்பவும் சொல்லுவே?”

“நான் சொன்னா தப்பாயிடும்.”

ரன்வா பக்கத்தைத் திருப்பினாள். அவளுக்குத் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. வேண்டுமென்றே உளறுவது. “இதோ பாரு, ஒரு பசுமாடு கடல்ல நீந்துது” என்றாள், குடையைக் காட்டி. போன வாரமாக இருந்தால் சில்யா அவள் கையில் ஓர் அடி வைத்து, “உனக்குக் கண்ணு தெரியலையா, அது குடை!” என்று கத்தியிருப்பாள். அடுத்த பக்கத்தில், “இந்தத் தாத்தா பசுமாட்டுக்குப் பால் குடுக்கறார்” என்றாள். சில்யா படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்து ரன்வா அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் விட்டாள். நாலு வயசுப் பிள்ளை, தன் கண்ணால் குடையைப் பார்த்துக்கொண்டே மாடு என்று ஒத்துக்கொள்கிறது. பயந்து அழுதிருந்தால்கூடத் தேவலை. இது பணிந்து போனது. இப்படிப் பணிந்து தலையாட்டியே காலம் கழித்த பெண்களை ஆலையில் நாள்தோறும் அவள் பார்க்கிறாள்.

ராச்சாப்பாட்டுக்குப் பறவைதான். மயிர் பிடுங்கி, பூந்தூவியைத் தீயில் பொசுக்கி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, கூட உருளைக்கிழங்கு. குழம்பு பழுப்பாகக் கொழுகொழுவென்று இருந்தது. சில்யா சத்தமில்லாமல் சாப்பிட்டாள். ஈரலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

“போய் ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டு வந்துடு” என்றான் ஹைனி. “ஊரு இம்மாத்தூண்டு. கடைக்குப் போனா கட்ரின், துறைமுகத்துக்குப் போனா அவ புருஷன், கோயிலுக்குப் போனா பிரிட்டா. முகத்தைத் திருப்பிக்கிட்டு எத்தனை பக்கம் நடப்பே?”

“எதுக்குச் சரி சொல்லணும்?”

“அவங்க கதைதான் சரின்னு.”

“அப்போ இது என்ன?” ரன்வா அவன் தட்டைக் காட்டினாள். “நீ விடியக் கடலுக்குப் போனது, நானும் உங்கக்காவும் முதுகு ஒடியக் குந்தியிருந்தது, எல்லாம் தப்பா? பிள்ளைக்கு எதிர்ல சொல்லக் கூசற மாதிரி என்ன செஞ்சோம்?”

“யாரு கூசறது? எனக்கு நாளைக்கும் படகு இழுக்க நாலு கை வேணும். அவ்வளவுதான்.”

“ஈரலை ஒதுக்கிட்டுப் போயிருக்கா, பார்த்தியா?”

ஹைனி பார்த்தான். முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

“சண்டைக்குப் போறியா?” என்று கேட்டான்.

“இல்ல. என் பொண்ணோட வாயைத் திருப்பி வாங்கிட்டு வரப் போறேன்.”

“துணியையாவது மாத்திட்டுப் போ. அந்தப் பழுப்புச் சட்டையில போயிடாதே.”

“அதுலதான் போவேன்.”

சொன்னபடியே போனாள். மறுநாள் காலையில் கொட்டகையில் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு, மழையில் நனைந்தபடி சாலையேறினாள். பள்ளி, ஊருக்கு மேற்கே ஆட்டு வேலியை ஒட்டி இருந்தது. பிள்ளைகள் மழையிலேயே வெளியே குழியில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் மழைக்குப் பயந்து உள்ளே இருந்தால் பிள்ளைகள் வெயிலையே மறந்துவிடும், மழையையும் மறந்துவிடும்.

பிரிட்டா தலைநகரில் படித்து வந்தவள். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஏதாவது பிள்ளை கையுறையைத் தொலைத்தால் தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிடுவாள். ரன்வா உள்ளே வந்ததும் அவள் சன்னலைத் திறக்க எழுந்தாள். பாதியில் என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். காபி ஊற்றிக் கொடுத்தாள்.

“நான் உங்களைக் குறை சொல்லலை ரன்வா.”

“என்னைச் சொல்லுங்க, பரவாயில்லை. நீங்க சில்யாவைச் சொன்னீங்க.”

“சரியாப் பாருன்னு மட்டும்தான் சொன்னேன்.”

“அவ சரியாத்தான் பார்த்தா. அவ பார்த்தது உங்களுக்குப் பிடிக்கலை.”

பிரிட்டா காபியைக் கலக்கினாள். “எமில் சரியாத் தூங்கறதில்லையாம். கோபன்ஹேகன்ல அவன் ஒரு மஞ்சக் குருவி வளர்த்திருக்கான். வர்றப்போ பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்துட்டாங்க. அதுவும் சட்டிக்குள்ள போயிருக்குமான்னு அவங்க அம்மாவைக் கேட்டானாம்.”

ரன்வா கோப்பையைக் கீழே வைத்தாள். “ஐயோ பாவம்” என்றாள். மனசிலிருந்துதான் சொன்னாள். “போகலைன்னு அவனுக்குச் சொல்லுங்க. நானே வேணும்னாலும் வந்து சொல்றேன். அதுக்காக என் பொண்ணு வாய்மேல எதுக்குச் சீட்டு ஒட்டறீங்க?”

“வாய்மேல யாரும் ஒட்டலை. ஒரு புத்தகம்னா அதை வரைஞ்சவர் மனசுல ஒண்ணு இருக்கும், இல்லையா? கடைசிப் பக்கத்தை நினைச்சுப் பாருங்க. பையன் மலை உச்சியில நின்னு கையசைக்கறான். மேல பறவை பறக்குது. தின்னுட்டாங்கன்னா அவன் யாருக்குக் கையசைக்கறான்?”

“தாய்ப் பறவைக்கு.”

“தாய்ப் பறவைக்கா?”

“அது வருஷத்துக்கு ஒரு முட்டைதான் போடும். போயிட்டு வா, அடுத்த வருஷமும் போடுன்னு சொல்றான். நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்.”

பிரிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபிக் கோப்பையில் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். “உங்ககிட்டப் பேசி முடியாது.”

“வரைஞ்சவர் மனசுல ஒண்ணுதான் இருந்துச்சுன்னா எழுதியிருப்பாரே. கை இல்லையா அவருக்கு? சொல்றவங்க சொல்லட்டும்னுதானே விட்டார்.”

“சரி, நாளைக்கு இன்னொரு பிள்ளை அழுதா?”

“மூக்கைத் துடைச்சு விடுங்க. அழற பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்க. அவன் சட்டியில அவன் என்ன வேணும்னாலும் போட்டுக்கட்டும். என் பொண்ணு சட்டியைக் கவுக்காதீங்க.”

பிரிட்டா எழுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். சீட்டெல்லாம் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழ் விளிம்பை ஒட்டி வெள்ளைக் காகிதம், அதில் குண்டு குண்டான நல்ல கையெழுத்து. ரன்வா புரட்டினாள். வார்த்தைகளில் குறை சொல்ல எதுவுமில்லை. சிறுவன் பறவைக்கு உணவு கொடுத்தான். பறவை வளர்ந்தது. அழகாகவே இருந்தது. ஆனால் அவள் கண் நேரே எழுத்துக்குப் போய், எழுத்திலிருந்து அடுத்த பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடுகிறது. அந்த வெள்ளிக்கிழமை அத்தனை நேரம் அளைந்த கடலையும் படகையும் அவள் பார்க்கவே இல்லை. வேண்டுமென்று திரும்பிப் பார்த்தாலும், கண் வழுக்கிக் கீழே வந்து நின்றது.

“எனக்கே படம் தெரிய மாட்டேங்குது, பிரிட்டா.”

“பழகிடும்.”

“அதான் பயமா இருக்கு.”

கதவு திறந்தது. எல்ஸ்பா பிள்ளைகளை உள்ளே ஓட்டிக்கொண்டு வந்தாள். “ஏய், பூட்ஸைக் கழட்டு! சேத்தோட எங்க போறே? நாக்கை நீட்டினா நறுக்கிடுவேன்.” ஒவ்வொரு மழைக்கோட்டாக உரித்து ஆணியில் மாட்டினாள். மாட்டிய ஒவ்வொரு தடவையும் மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். சில்யா அம்மாவைக் கண்டதும் வந்து பழுப்புச் சட்டையில் முகத்தைப் பதித்தாள். அந்த நாற்றத்தில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. எமில் கொஞ்சம் தள்ளி, கோட்டுகளுக்கு நடுவில் நின்றான்.

“சில்யாவையே கேட்போமே” என்றாள் பிரிட்டா. குரலை மென்மையாக்கிக்கொண்டு, “வா கண்ணு, நான் படிச்சுக் காட்டறேன். உனக்கும் பிடிக்கும்” என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நன்றாகத்தான் படித்தாள். காற்றுக்கு ஒரு குரல், பறவைக்கு ஒரு குரல். சில்யா கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சட்டி இருக்கிற பக்கம் வந்தது.

“‘அம்மா சூடான கஞ்சி காய்ச்சுகிறாள்.’”

“கஞ்சியா?” என்றது ஒரு குரல். எமில். கோட்டுகளை விட்டு எப்போது வெளியே வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தான். “நீ அன்னிக்கு வேற சொன்னியே.”

சில்யா வாய் திறக்கவில்லை.

“அதுல உருளைக்கிழங்கு இருந்துச்சுன்னியே. அப்புறம் என்னமோ சொல்ல வந்தே. நான் அழுதுட்டேன். அதைச் சொல்லேன்.”

ரன்வாவின் நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. ஈரல் என்று சொன்னால் போதும், மகள் பற்றிக்கொள்வாள். பல்லைக் கடித்தாள். அவள் எடுத்துக்கொடுத்தால் அதுவும் இன்னொரு சீட்டுதான். மேசைக்கடியில் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆறிப்போன காபியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்ஸ்பா கையில் ஒரு குட்டிக் கோட்டு ஆணிக்குப் போகாமல் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது.

பிரிட்டா காத்திருந்து பார்த்துவிட்டு, மிச்சப் பக்கங்களைப் படித்தாள். பெட்டி. வானம். கடைசியில் மலை உச்சி. “‘போய் வா, நண்பா’ என்று சிறுவன் கையசைத்தான்.” மூடப் போனாள்.

சில்யாவின் விரல் அட்டைக்கிடையில் வந்து விழுந்தது.

சேறு காய்ந்த சின்ன விரல். அது பறவையைத் தொடவில்லை, பையன் முகத்தையும் தொடவில்லை. கீழே, வெள்ளைச் சீட்டின்மேல் நின்றது. பிறகு அவளே பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். சட்டிப் பக்கத்தில் ஒரு தொடு, பெட்டிப் பக்கத்தில் ஒரு தொடு, படகுப் பக்கத்தில் ஒரு தொடு. ஒவ்வொன்றிலும் சீட்டின்மேல்.

“கால் எங்க?” என்றாள்.

“என்ன கண்ணு?”

“இவன் கால். எல்லாப் பக்கத்துலயும் மூடிட்டீங்க.”

பிரிட்டா குனிந்து பார்த்தாள். ரன்வாவும் அப்போதுதான் பார்த்தாள். புத்தகம் முழுக்கப் பையன் இடுப்புவரைதான் இருந்தான்.

“காலில்லாம இவன் எப்படிப் படகுல ஏறுவான்? எப்படி மலைக்குப் போவான்?” சில்யாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. வட்டத்தில் உட்கார்ந்து கழுத்தைத் திருகிக் காட்டிய அதே குரல். ஒரு கையால் எமிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னொரு கையின் நகத்தைச் சீட்டின் ஓரத்தில் வைத்தபடி, பிரிட்டாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை எடுத்துடுங்க, பிரிட்டா. நான் இவனுக்கு மிச்சத்தைச் சொல்லணும்.”